தாளா, குப்பியா, படமா: பார்த்த செடிக்கு எதைச் சான்றாக வைப்பது

தாவரவியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்த மைக்ராஸ்கோப் வாங்கலாம், எந்தப் புத்தகம் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இன்று வரப்பில் பார்த்த செடிக்கு எதைச் சான்றாக எடுத்து வைக்கப்போகிறோம்? நோட்டில் பெயரை மட்டும் எழுதி வைத்தால் அது எழுதியவரின் நம்பிக்கையாகவே நிற்கும். பத்து ஆண்டு கழித்து ஒருவர் அந்தப் பெயர் சரியா என்று பார்க்க நினைத்தால் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு என்று ஊரெல்லாம் பறிக்கும் செடி. தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதே வரப்பில் ஃபில்லாந்தஸ் யூரினேரியாவும் வளரும், மேலாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸும் வளரும். சந்தைக்கு வரும் மூட்டையில் இவை கலந்தே வருகின்றன. அமாரஸில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே இலைக்கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் இடுக்கில்) சேர்ந்திருக்கும், புல்லிகள் (பூவின் வெளியடுக்கு இதழ்கள்) 5, விதையின் முதுகில் நீளவாக்கில் வரிகள் ஓடும். யூரினேரியாவில் புல்லிகள் 6; காயின் மேல்தோல் சொரசொரப்பு; விதையில் வரிகள் குறுக்காக இருக்கும். மதராஸ்பட்டென்சிஸில் விதை மேல் நுண்ணிய மேடுகள் வரிசையாக அமைந்திருக்கும். விதையின் நீளமோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நீங்கள் வைக்கும் சான்று இந்த விதையைக் காட்டுமா, காட்டாதா? கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியோடு பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

வழிகள் ஐந்து. செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைப்பது, அதாவது ஹெர்பேரியம் ஷீட். பூவையும் காயையும் திரவத்தில் போட்டுக் குப்பியில் வைப்பது. படம் எடுப்பது. இலைத் துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் உலர்த்துவது. செடியையே தோட்டத்தில் வளர்ப்பது. ஒன்றுதான் முடியும் என்றால் தாள். இது எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லக்கூடிய முடிவு. மற்றவை எங்கே அவசியம், எங்கே வீண் என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தாள்

அழுத்தி உலர்த்தும் முறைக்கு ஏறக்குறைய 480 வயது. இத்தாலியில் பீசா, பொலோன்யா நகரங்களில் கற்பித்த லூக்கா கினி 16ஆம் நூற்றாண்டில் இதை மாணவர்களிடையே பரப்பினார். அப்போது உலர்ந்த செடிகளைப் புத்தகமாகவே தைத்துவிடுவார்கள். தனித்தனித் தாளாக வைத்தால் பெயர் மாறும்போது இடம் மாற்றி அடுக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் வலியுறுத்தினார். இன்று உலகமெங்கும் உள்ள ஹெர்பேரியங்கள், அதாவது இத்தகைய தாள்களைச் சேர்த்துக் காக்கும் நிலையங்கள், அப்படித்தான் அடுக்குகின்றன. 1690களில் சென்னைக் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தி, அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். அந்தத் தாள்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 300 ஆண்டுக்கு முன் சென்னையைச் சுற்றி எது வளர்ந்தது, அதை மக்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, எடுத்துப் பார்க்கலாம்.

பறித்தவர் கனவிலும் நினைக்காத கேள்விகளுக்குத் தாள் பதில் சொல்லியிருக்கிறது. இதுதான் இதன் மிகப்பெரிய பலம். 1987இல் உட்வர்ட் என்ற ஆய்வாளர் கடந்த 200 ஆண்டுகளில் உலர்த்தி வைத்த மர இலைகளில் இலைத்துளைகளை எண்ணிப் பார்த்தார். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட, இலைத்துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. 2013இல் இன்னொரு குழு, 19ஆம் நூற்றாண்டில் உலர்த்திய நோயுற்ற உருளைக்கிழங்கு இலைகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான நோயுயிரி எந்த வகை என்று கண்டது. அந்த இலைகளைப் பறித்த காலத்தில் டிஎன்ஏ என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது.

இனி செய்முறை. செடியைப் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். ஈரத்தோடு பறித்தால் கறுக்கும். நடுப்பகலில் பறித்தால் பூ வாடிச் சுருண்டிருக்கும். சிறு செடி என்றால் வேரோடு முழுதாக. மரம், புதர் என்றால் பூவும் காயும் இலையும் உள்ள 30–40 செமீ கிளை. பூவும் காயும் இல்லாத கிளையை எடுத்து உலர்த்துவதில் பெரும்பாலும் பயன் இல்லை. தேக்கு போல இலையைக் கண்டதும் தெரிகிற சில மரங்கள் விதிவிலக்கு. ஒரே பறித்த எண்ணில் (ஒவ்வொரு பறிப்புக்கும் நீங்கள் இடும் தொடர் எண்) மூன்று முதல் ஐந்து பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பெரிய ஹெர்பேரியத்துக்கு, மிச்சம் பிரித்துப் பார்க்க. அந்த இடத்தில் ஐந்தாறு செடிதான் இருக்கிறது என்றால் ஒன்றைக்கூடப் பிடுங்காமல் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அழுத்தும் சட்டத்தைத் தச்சரிடம் சொல்லியே செய்துவிடலாம். 45 × 30 செமீ அளவில் இரண்டு பிளைவுட் பலகை, இறுக்க இரண்டு பெல்ட், இடையில் மடித்த செய்தித்தாள். வழவழப்பான வண்ண இதழ்த்தாள் ஈரத்தை உறிஞ்சாது, அது வேண்டாம். ஐந்தாறு செடிக்கு ஒரு முறை நெளிவு அட்டை வைத்தால் உள்ளே காற்று ஓடும். ஒட்டப்போகும் தாள் 42 × 28 செமீ என்பதால் செடி அதற்கு மேல் நீளமாக இருந்தால் ஒரு முறையோ இரு முறையோ மடித்து வையுங்கள். வெட்டிக் குட்டையாக்கினால் செடியின் உண்மை உயரம் போய்விடும். ஒரு இலையையாவது திருப்பி அடிப்பக்கம் தெரிய வையுங்கள். அடிப்பக்க மயிரும் நரம்பும் பல குடும்பங்களில் முடிவைத் தீர்மானிப்பவை. எல்லா இலையும் மேல்முகமாக ஒட்டிய தாளில் அவற்றைப் பார்க்க முடியாது.

முதல் 24 மணி நேரம்தான் முக்கியம். இதற்குள் செடி தளர்ந்து, நீர் விட்டிருக்கும். இலையை நிமிர்த்தி, பூவை விரித்துச் சரிசெய்யக் கடைசி வாய்ப்பு அதுவே. அப்போது தாளை மாற்றி, பிறகு நான்கு நாள் தினமும், அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் ஏழு முதல் பத்து நாளில் சாதாரணச் செடிகள் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று அறிய, கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; குளிர்ச்சி தட்டினால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது. பலரும் சறுக்குவது இந்தத் தாள் மாற்றத்தில்தான். இரண்டு நாள் விட்டுவிட்டால் பூஞ்சை ஏறும், இலை கறுக்கும், பூ தாளோடு ஒட்டிக் கிழியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் மாற்றினாலும் போதாது, சூடு வேண்டும். மரப்பெட்டிக்குள் அடியில் இரண்டு குண்டு பல்பு, ஓரடி உயரத்தில் அழுத்துச்சட்டம் செங்குத்தாக, மேலே காற்று போக வழி. வெப்பம் 40–45 டிகிரி செல்சியஸில் நின்றால் போதும். 60ஐத் தாண்டினால் இலை பழுப்பாகி நொறுங்கும். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. அதில் சூடு வராது. ஆள் இல்லாத இரவில் பெட்டியை ஓடவிடக் கூடாது. செய்தித்தாள் நெருப்புக்கு மிக அருகில் இருக்கிறது.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி அடங்குவதில்லை. கள்ளி, பிரண்டை, கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ளவை அழுத்தும் சட்டத்துக்குள்ளேயே துளிர்விட்டு வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அவற்றைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கிக் கொன்று, தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்சதையை வழித்துவிட்டு அழுத்த வேண்டும். புளி, நெல்லி, கீழாநெல்லி போன்றவை காயக்காய இலையை உதிர்த்துவிடும். இவற்றையும் சில நொடி வெந்நீரில் முக்கி எடுத்தால் இலை பெரும்பாலும் நிற்கும். பூவை மட்டும் தண்ணீருக்கு வெளியே பிடித்துக்கொள்ளுங்கள். நீர்ப்பாசி, வேலம்பாசி வகைகளைத் தட்டு நீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செருகி அப்படியே தூக்க வேண்டும். கையால் எடுத்தால் கயிறுபோல் திரண்டுவிடும்.

காய்ந்த செடியை நீர் கலந்த ஃபெவிகாலால் கெட்டித் தாளில் ஒட்டி, தடித்த தண்டை நூலால் தைக்க வேண்டும். செலோடேப் எக்காரணம் கொண்டும் கூடாது. சில ஆண்டில் மஞ்சளாகிக் கழன்று, பசை மட்டும் செடி மேல் பிசுபிசுப்பாக மிஞ்சும். உதிர்ந்த விதை, பூ எல்லாவற்றையும் சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். கீழாநெல்லி வழக்கில் தீர்ப்பு சொல்லப்போவது அந்த உறைதான்.

வலது கீழ்மூலையில் லேபிள். பெயர், குடும்பம், பறித்தவர், பறித்த எண், தேதி, ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், மண்ணும் சூழலும் வர வேண்டும். இவற்றோடு, காய்ந்தபின் மறையப்போகிற எல்லாமும் அங்கே இருக்க வேண்டும்: பூவின் நிறம், மணம், பால் வடிந்ததா, மரத்தின் உயரம், பட்டையின் தன்மை. பெயர் தவறாக இருந்தாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம். இடமும் தேதியும் இல்லாத தாளை எந்த ஹெர்பேரியமும் ஏற்காது. களத்தில் பென்சிலால் எழுதுங்கள்; மழையில் மை கரையும்.

தாளுக்கு எதிரி பூச்சி. சிகரெட் வண்டு, மருந்துக்கடை வண்டு என்று அழைக்கப்படும் சிறு பழுப்பு வண்டுகள் பூவையும் விதையையும் முதலில் தின்னும். ஒரு காலத்தில் மெர்குரிக் குளோரைடைச் சாராயத்தில் கரைத்துச் செடியை முக்கி எடுத்தார்கள். அது கொடிய நஞ்சு, இன்று தேவையும் இல்லை. பழைய கல்லூரி அலமாரித் தாள்களில் அந்த நஞ்சு இன்னும் இருக்கும் என்பதால் அவற்றைக் கையுறையோடு தொட்டு, பிறகு கை கழுவ வேண்டும். புதியதற்குக் குளிர் போதும். நன்கு காய்ந்த தாள்களைக் கட்டாகப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும். உடனே பிரித்தால் காற்றின் ஈரம் செடி மேல் படிந்து, காயவைத்த உழைப்பெல்லாம் வீணாகும். நாப்தலின் உருண்டை பூச்சியை விரட்டும், உள்ளே ஏற்கெனவே இட்ட முட்டையைக் கொல்லாது.

தாளில் தொலைவது என்ன? நிறம், முப்பரிமாண வடிவம், மென்மையான பூ. ஆனால் பலரும் நினைப்பதுபோல் காய்ந்த பூ பிரித்துப் பார்க்க முடியாததல்ல. ஒரு பூவை எடுத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்ட நீரில் ஓரிரு நிமிடம் கொதிக்கவைத்தால் இதழ்கள் விரிந்து கொடுக்கும். சூலறைகளை (சூலகத்தின் உள்ளறைகளை) எண்ணலாம், மகரந்தத்தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று காணலாம். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸே இதற்குப் பெரும்பாலும் போதும்.

குப்பி

வெந்நீரிலும் மீளாத பூக்கள் உண்டு. ஆர்க்கிட், காசித்தும்பை, இஞ்சி மஞ்சள் குடும்பம், எருக்கு குடும்பத்துச் செரோபீஜியா, சேம்பு குடும்பம் எல்லாம் அழுத்தியதும் அடையாளம் தெரியாமல் நசுங்கிவிடும். கானாவாழை வகையான கமெலினாவின் இதழ் அழுத்துவதற்குள்ளேயே கூழாகிவிடும். இவற்றுக்குக் குப்பி தேவை, அதுவும் தாளோடு சேர்த்து. பூவுக்கு மட்டும் குப்பி வைத்து, இலையும் தண்டும் இல்லாமல் விட்டால் பாதி செடிதான் கையில் இருக்கும்.

முதலில் நிலைநிறுத்தும் திரவம். 100 மிலி செய்ய 70 சத எத்தனால் 90 மிலி, கிளேசியல் அசெட்டிக் அமிலம் 5 மிலி, ஃபார்மலின் 5 மிலி. ஆய்வகங்களில் இதை எஃப்ஏஏ என்பார்கள். எத்தனால் திசுவைச் சுருக்கும், அசெட்டிக் அமிலம் அதை உப்பவைக்கும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்ய, ஃபார்மலின் கெட்டியாக்கும். அதனால் அளவை மாற்றினால் செல்களின் வடிவம் மாறும். 95 சத எத்தனாலில் இருந்து 70 சதம் செய்யக் கணக்கு எளிது: 70 மிலி எடுத்து, மொத்தம் 95 மிலி ஆகும்வரை நீர் விட வேண்டும். திரவம் பூவின் பருமனைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். குப்பி நிறையப் பூவைத் திணித்தால் பூவின் நீரே திரவத்தை நீர்த்துப்போகச் செய்து, நடுவில் உள்ளது அழுகும். 24 முதல் 48 மணி நேரம் கழித்து 70 சத எத்தனாலுக்கு மாற்றி நிரந்தரமாக வைக்கலாம்.

பச்சையம் எத்தனாலில் கரைவதால் சில நாளில் திரவம் பச்சையாகி, செடி வெளிறும். இது இயல்பு, ஒருமுறை மாற்றினால் தெளியும். லேபிளைக் குப்பிக்கு உள்ளே போட வேண்டும், பென்சிலில் எழுதியதாக. பால்பாயிண்ட் எழுத்து எத்தனாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய லேபிள் என்றாவது உரியும். உலோக மூடியை அமிலம் அரிக்கும் என்பதால் உள்வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடி நல்லது.

குப்பியின் உண்மையான செலவு பிறகுதான் தெரியவரும். மூடி எவ்வளவு இறுகினாலும் எத்தனால் ஆவியாகும். நீரைவிட எத்தனால் முந்திப் போவதால் மிச்சமுள்ளது வலு குறைந்து, ஒரு கட்டத்தில் பூஞ்சை வரும். ஆண்டுதோறும் ஒவ்வொரு குப்பியையும் பார்த்து நிரப்ப ஆள் வேண்டும். தீப்பற்றும் திரவம் என்பதால் அஞ்சலில் அனுப்ப முடியாது. வேறு ஊர் நிபுணரிடம் காட்டுவதற்குத் தடை இது. தமிழ்நாட்டில் எத்தனாலைத் தனியாள் நினைத்தபடி வாங்கவும் முடியாது. உரிமம் உள்ள கல்லூரி ஆய்வகம் வழியாகவே கிடைக்கும். ஃபார்மலின் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. அதைக் காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு கையாள வேண்டும். பள்ளி மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. ஃபார்மலின் டிஎன்ஏவையும் சிதைக்கும், ஆகவே பிற்கால மரபணு ஆய்வுக்கு அந்தக் குப்பியை நம்ப முடியாது.

உள்ளமைப்பு படிக்க, அதாவது தண்டையோ சூலகத்தையோ மெல்லிய சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியவர்களுக்குக் குப்பிக்கு ஈடு இல்லை. மற்றவர்கள் மேலே சொன்ன குடும்பங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். எல்லாச் செடியையும் குப்பியில் போடத் தொடங்கிய சேகரிப்புகளைப் பராமரிக்க ஆள் இல்லாமல் திரவம் வற்றிப்போவது சாதாரணமாக நடக்கிறது. வற்றிய குப்பியில் இருப்பதைத் தாளாகவும் மாற்ற முடியாது.

படம்

கையில் கைபேசி இருக்கும்போது எதற்குப் பலகையும் பெல்ட்டும் என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. நிறம், நிற்கும் தோரணை, பட்டை, வந்து அமரும் பூச்சி எல்லாவற்றையும் படம் மட்டுமே காட்டும். பறிக்கக் கூடாத இடத்திலும் படம் எடுக்கலாம். அரிய செடிக்குத் தீங்கில்லாத வழி இது ஒன்றுதான்.

ஆனால் அழகான படம் வேறு, அடையாளம் காட்டும் படம் வேறு. முன்னால் பூ, பின்னால் மங்கிய பச்சை என்று எடுத்த படத்தை வைத்துப் பெரும்பாலும் பேரினத்தைத் தாண்டிச் சிற்றினம்வரை போக முடியாது. குறைந்தது எட்டுக் கோணம் தேவை. முழுச் செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டில் இலை சேரும் கணு (இலையடிச்செதில் இருக்கிறதா என்று தெரிய), பூ நேராக, பூ பக்கவாட்டில் புல்லியோடு, பூவை நீளவாக்கில் பிளந்து, காய். மரமாக இருந்தால் பட்டையும். ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். பின்புலத்துக்குச் சாம்பல் நிற அட்டை வையுங்கள். வெள்ளைத் தாள் வைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துச் செடியை இருட்டாக்கும். படத்தின் பெயரில் பறித்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடம், நேரம் பற்றிய பதிவு கழன்றுபோகும், தரமும் குறையும். மூலக்கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

செயலிகள் பற்றி. பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் நல்ல தொடக்கம். படத்தைக் கொடுத்தால் குடும்பத்தையோ பேரினத்தையோ பல சமயம் சரியாகச் சொல்லிவிடும். புதியவருக்கு அது பெரிய உதவி. சிற்றினம் என்று வரும்போது எச்சரிக்கை வேண்டும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பல வீட்டுத் தோட்டங்களில் வளர்வது உண்மையில் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து படர்ந்த ஸ்ஃபாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. நம் நாட்டுச் செடி அதே பேரினத்தின் கலெண்டுலேசியா. பூவை மட்டும் காட்டினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இலையின் மூன்று மடல் படத்தில் இருந்தால்தான் பிரிக்க முடியும். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆய்வுத்தரம் என்ற நிலையை அடைய, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் போதும். அந்த ஒப்புதலும் படத்தில் தெரிவதை வைத்தே சொல்லப்படுகிறது. புல், கோரை, கீழாநெல்லி கூட்டம் ஆகியவற்றில் தீர்மானிக்கும் உறுப்பு படத்துக்குள் வருவதே இல்லை.

கேம்பிள் தொடங்கி, ஃபிஷர் முடித்து, 1915 முதல் 1936 வரை 11 பகுதிகளாக வந்த சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். அதன் அடையாளத் திறவுகள் (கேள்வி கேள்வியாகப் பெயரை நோக்கி அழைத்துச் செல்லும் பட்டியல்கள்) சூலறை எத்தனை, ஒவ்வொன்றிலும் சூல் எத்தனை, மகரந்தப்பை எப்படித் திறக்கிறது என்றே கேட்டுக்கொண்டு போகும். பாதி வழியில் படத்தைக் கையில் வைத்திருப்பவர் நின்றுவிடுவார். தாள் வைத்திருப்பவர் ஒரு பூவைக் கொதிக்கவைத்துத் தொடர்வார்.

புதிய சிற்றினம் என்று அறிவிப்பதாக இருந்தால் விதியே தெளிவாக இருக்கிறது. 1958 ஜனவரி 1 முதல் வகைமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு நிரந்தர அடையாளமாக நிற்கும் மாதிரியை, குறிப்பிட வேண்டும். 1990 ஜனவரி 1 முதல் அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பூக்கும் தாவரத்துக்கு வெறும் படத்தோடு போய் நிற்க முடியாது.

சிலிக்கா ஜெல்லும் தோட்டமும்

டிஎன்ஏ ஆய்வு நோக்கம் இருந்தால் மட்டும் சிலிக்கா ஜெல். தபால்தலை அளவுக்கு இளம் இலைத் துண்டை டீ பையிலோ மெல்லிய காகித உறையிலோ போட்டு, இலையின் எடையைப்போல் பத்து மடங்கு ஜெல்லில் புதைக்க வேண்டும். ஒரு நாளுக்குள் இலை முறுக்கென்று ஒடியும்படி காய வேண்டும். தாமதமானால் இலையின் நொதிகளே டிஎன்ஏவைத் துண்டாக்கிவிடும். நிறம் மாறும் ஜெல்லைக் கொஞ்சம் கலந்தால் ஈரம் ஏறியது தெரியும். இந்தத் துண்டுக்குத் தனி மதிப்பு இல்லை. அதே எண்ணில் ஒரு தாள் இருந்தால்தான் வரிசைப்படுத்திய டிஎன்ஏ எந்தச் செடியுடையது என்று பின்னால் நிரூபிக்க முடியும்.

தோட்டம் என்பது உயிரோடு இருக்கும் சான்று. எப்போது பூக்கிறது, எத்தனை நாளில் காய்க்கிறது, குரோமோசோம் எத்தனை என்பதெல்லாம் உயிருள்ள செடியில்தான் தெரியும். ஆனால் தொட்டியில் வளர்ந்தது காட்டில் வளர்ந்ததைப்போல் இராது. இலை பெருக்கும், மயிர் குறையும். பெயர்ப்பலகைகள் இடம் மாறும், பக்கத்துச் செடியோடு கலப்பும் நடக்கும். பள்ளி மூலிகைத் தோட்டம் கற்பிக்க மிக நல்லது. சான்றாக வேண்டுமானால் நட்ட அன்றே ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு கிளையை எடுத்துத் தாளாக்கிவிடுங்கள்.

யாருக்கு எது

பள்ளி ஆசிரியருக்குத் தாளும் படமும் போதும். வேதிப்பொருள் எதுவும் வேண்டாம். 30 மாணவர்கள் ஆளுக்கொரு செடி என்று தேடுவதைவிட, வளாகத்தில் உள்ள 30 செடிகளையும் ஒழுங்கான லேபிளோடு ஒரே தொகுப்பாக்குவது நல்லது. கூட்டமாகப் போய்ப் பிடுங்கினால் அரியவையும் சேர்ந்து போகும். இளநிலை மாணவர் ஒரு பருவத்தில் 50 தாள்களை அரைகுறையாக ஒட்டுவதைவிட 20 தாள்களை ஒவ்வொன்றுக்கும் பூவைப் பிரித்து வரைந்த படத்தோடு முடித்தால் குடும்பங்கள் மனதில் நிற்கும். எண்ணிக்கை கேட்கும் பாடத்திட்டம் இந்த இடத்தில் பிழை செய்கிறது.

மூலிகை வாங்கி விற்பவரும் சித்த மருத்துவ மாணவரும் தாளை விட்டுவிடவே கூடாது. மருந்து செய்த ஒவ்வொரு தொகுதி மூலிகையிலிருந்தும் பூ, காய், விதையோடு ஒரு செடியை எண்ணிட்டு வைத்தால், பின்னர் கேள்வி வரும்போது விதை உறையைத் திறந்து கீழாநெல்லிதானா என்று காட்டலாம். பொடியாக்கிய பின் அந்த வாய்ப்பு இல்லை. ஊர்த் தாவரப் பட்டியல் எடுப்பவர்கள் வழக்கமான மரங்களுக்குப் படத்தோடு நிறுத்தலாம். புல், கோரை, சந்தேகத்துக்குரியவை, முதல்முறை அந்த மாவட்டத்தில் காண்பவை ஆகியவற்றுக்குத் தாள் கட்டாயம். ஆர்க்கிடும் காசித்தும்பையும் நிறைந்த மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் மட்டும், முன்கூட்டியே 70 சத எத்தனால் ஊற்றிய சின்னக் குப்பிகளைக் கையில் கொண்டுபோவது நல்லது.

எங்கே பறிக்கலாம் என்பதைக் கிளம்பும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். வயல், சாலையோரம், தரிசு என்றால் நிலத்துக்காரரின் அனுமதி. காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கிளைகூட எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டியலிட்டுள்ள செடிகளை, பெடோமின் சைகஸ் போன்றவற்றை, எங்கும் தொடக் கூடாது. பிரதியொன்றைப் பொது ஹெர்பேரியத்துக்குக் கொடுக்க விரும்பினால், கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா) மெட்ராஸ் ஹெர்பேரியமும் திருச்சியில் ரேபினாட் ஹெர்பேரியமும் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதி, பறித்த இடமும் தேதியும் எண்ணும் லேபிளில் முழுதாக இருக்கும் தாள்களை மட்டும், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தட்டையாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.